வெளிச்சத்துக்குக் குடை பிடித்தவர்



மின்சார பல்பு என்றதும் உங்களுக்கு யார் நினைவு வருகிறது? தாமஸ் ஆல்வா எடிசன் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சரிதான். ஆனால், பல்பு எரிந்தால் மட்டும் போதுமா? அதை வீட்டுக் கூடத்தில் எங்கே மாட்டுவது? எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது? அதன் வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் இருக்க என்ன செய்வது?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் பவுல் ஹென்னிங்சன். அவருடைய நாட்டில் அவரை முழுப்பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. பி.எச். என்ற இரண்டு எழுத்தே போதும். சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மண்ணெண்ணெய் விளக்கின் காலம்

அசிங்கமான வாத்துக்குஞ்சின் கதையைப் படித்திருப்பீர்கள். அதை எழுதிய ஆண்டர்சன் பிறந்த நாடு டென்மார்க். ஐரோப்பாவின் வடக்கே இருக்கும் சிறிய நாடு. கோபன்ஹேகன் அதன் தலைநகரம். அந்நகருக்கு அருகில் உள்ள ஆர்ட்ரப் என்ற இடத்தில், 1894ம் ஆண்டு, செப்டம்பர் 9ம் தேதி பவுல் பிறந்தார். அவருடைய தாயார் ஆக்னஸ் ஹென்னிங்சன் பெயர் பெற்ற எழுத்தாளர்.

டென்மார்க்கில் குளிர்காலம் வந்துவிட்டால் பகல் மிகவும் குறுகிவிடும். டிசம்பர் மாதக் கடைசியில், காலை எட்டரை மணிக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். மாலை நான்கு மணி ஆவதற்குள் மறைந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும்போதே இருட்டு! மாலை முழுவதும் வீட்டுக்குள்தான். அதனால், அந்த ஊர் மக்களுக்கு வீட்டுக் கூடத்தில் இருக்கும் விளக்கு மிகவும் முக்கியமானது. படிப்பு, பேச்சு, தையல், சாப்பாடு எல்லாமே அதன் வெளிச்சத்தில்தான்.

பவுல் சிறுவனாக இருந்தபோது, பெரும்பாலான வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. நம் தாத்தா, பாட்டி காலத்து அரிக்கேன் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைவுதான். ஆனால் மஞ்சளாக, இதமாக இருக்கும். விளக்கு மேசை மேல் இருப்பதால், வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் முகம் ஒருவருக்கு அழகாகத் தெரியும்.

பிறகு மின்சார விளக்கு வந்தது. முதலில் வந்த பல்புகளில் கரி இழை இருந்தது. அதன் வெளிச்சம் கொஞ்சம் மங்கல். அதற்குப் பிறகு டங்ஸ்டன் என்ற உலோக இழை வந்தது. 1913ம் ஆண்டு வாக்கில், உள்ளே வாயு நிரப்பிய பல்புகளும் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பிரகாசம்!

மக்களுக்கு ஒரே மகிழ்ச்சி. கூரையின் நடுவில் ஒரு பல்பைத் தொங்கவிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் அறை முழுவதும் பளீர் என்றாகிவிட்டது. எண்ணெய் ஊற்ற வேண்டாம். திரியைக் கத்தரிக்க வேண்டாம். சிம்னியைத் துடைக்க வேண்டாம். ஆனால், கண் கூசியது.

டிராமில் இருந்து பார்த்த வீடுகள்

பவுல், 1911 முதல் 1917 வரை இரண்டு தொழில்நுட்பப் பள்ளிகளில் கட்டடக் கலை படித்தார். ஆனால் பட்டம் வாங்கவில்லை. படிப்பை முடிக்காமலே வெளியே வந்துவிட்டார். ஆனாலும் பதினெட்டு வயதில் தொடங்கிய ஒரு வேலையை மட்டும் அவர் விடவே இல்லை. அது, வெளிச்சத்தை வைத்துச் சோதனை செய்வது.

அந்தக் காலத்தில் கோபன்ஹேகன் தெருக்களில் மாடி வைத்த டிராம் வண்டிகள் ஓடின. இரவில் மாடியில் உட்கார்ந்து போனால், இரு பக்கமும் முதல் மாடி வீடுகளின் ஜன்னல்கள் கண்ணுக்கு நேராக வரும். உள்ளே கூடம் தெரியும். அப்படிப் பார்த்துக்கொண்டே போகும்போது பி.எச்.சுக்கு மனம் வாடியது. நல்ல நாற்காலிகள், கம்பளங்கள், படங்கள் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அறையைப் பார்த்தால் களையே இல்லை. காரணம் என்ன? விளக்கு தவறான இடத்தில் இருந்தது!

விளக்கைச் சரியான இடத்தில் வைப்பதோடு ஒப்பிட்டால், மேசை நாற்காலி எல்லாம் இரண்டாம் பட்சம்தான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அதற்குப் பணம் தேவையில்லை. சிந்தித்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் என்று எழுதினார்.

ஏன் கண் கூசுகிறது?

குழந்தைகளே, இங்கே கொஞ்சம் அறிவியலும் பார்த்துவிடுவோம்.

இரவில் சாலையில் நடந்து போகிறீர்கள். எதிரே ஒரு லாரி வருகிறது. அதன் ஹெட்லைட் வெளிச்சம் உங்கள் முகத்தில் அடிக்கிறது. உடனே சாலை தெரிகிறதா? தெரியாது. வெளிச்சம் அதிகமானபோதும் பார்வை குறைந்துவிட்டது. வேடிக்கையாக இல்லையா?

நம் கண்ணின் நடுவில் இருக்கும் கருப்புத் துளைக்குப் பாவை என்று பெயர். அதிக வெளிச்சம் பட்டால் அது சுருங்கிக்கொள்ளும். அப்போது, வெளிச்சம் குறைவாக உள்ள இடங்கள் இன்னும் இருட்டாகத் தெரியும். அதோடு, கண்ணுக்குள் நுழைந்த கடுமையான ஒளி உள்ளேயே சிதறி, மற்றக் காட்சிகளையும் மங்கலாக்கிவிடும்.

வீட்டுக் கூடத்தில் மூடியில்லாத பல்பு கண்ணுக்கு எதிரே எரிந்தாலும் இதே கதைதான். அறையில் உள்ள எல்லாவற்றையும்விடப் பல்புதான் பளிச்சென்று தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகம் மங்கலாகிவிடும்!

பி.எச். புரிந்துகொண்ட உண்மை இதுதான்: விளக்கு என்பது நாம் பார்ப்பதற்கான பொருள் அல்ல, மற்றதை நமக்குக் காட்டுவதற்கான பொருள். ஆகவே, பல்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஆனால் அதன் வெளிச்சம் வீணாகவும் கூடாது.

சொல்வது எளிது. செய்வது எப்படி? பல்பைச் சுற்றிக் கெட்டியான மூடி போட்டால் வெளிச்சம் உள்ளேயே அடைபட்டுப் போகும். மெல்லிய துணியைச் சுற்றினால் துணியே பளபளக்கும். இந்தச் சிக்கலுக்குத்தான் அவர் விடை தேடினார்.

மூன்று குடைகள்

தாளில் பல்பை வரைந்தார். அதில் இருந்து ஒளிக்கதிர்கள் எந்தப் பக்கம் போகும், எங்கே பட்டுத் திரும்பும் என்று கோடு கோடாகப் போட்டுப் பார்த்தார். ஒரு குடையால் முடியாத வேலையைப் பல குடைகள் சேர்ந்து செய்யும் என்று கண்டுபிடித்தார்.

அவர் செய்த விளக்கில், ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று குடைகள் இருந்தன. மேலே பெரியது, நடுவில் அதைவிடச் சிறியது, கீழே மிகச் சிறியது. நடுவில் பல்பு. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும், ஏதாவது ஒரு குடை பல்பை மறைத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு குடையும் தன் மேல் விழும் வெளிச்சத்தை மேசைப் பக்கமும், உட்கார்ந்திருப்பவர்கள் பக்கமும் திருப்பி அனுப்பும்.

அந்தக் குடைகளின் வளைவில்தான் கணக்கு இருக்கிறது. கடலில் வாழும் நாட்டிலஸ் என்ற உயிரினத்தின் ஓட்டைக் குறுக்கே வெட்டினால் ஒரு சுருள் தெரியும். கணிதத்தில் அதற்கு மடக்கைச் சுருள் என்று பெயர். அதன் மையத்தில் இருந்து எந்தப் பக்கம் கோடு போட்டாலும், அது சுருளை ஒரே கோணத்தில் தொடும். பி.எச். இந்தச் சுருளின் ஒரு பகுதியைக் குடையின் வளைவாக எடுத்துக்கொண்டார். மையத்தில் பல்பு இருந்தால், குடையின் எல்லா இடத்திலும் ஒளி ஒரே கோணத்தில் விழும். அதனால் வெளிச்சம் ஓரிடத்தில் குவிந்து சுடர் விடாமல், சீராகப் பரவியது.

கணக்குப் பாடம் எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்!

பாரிசில் தங்கப் பதக்கம்

1925ம் ஆண்டு, பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரில் அலங்காரக் கலைகளுக்கான பெரிய பன்னாட்டுக் கண்காட்சி நடந்தது. லூயி பவுல்சன் என்ற டேனிஷ் நிறுவனத்தோடு சேர்ந்து, பி.எச். தன் பல குடை விளக்கை அங்கே வைத்தார். தங்கப் பதக்கம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 1926ல், கோபன்ஹேகனில் ஃபோரம் என்ற மிகப் பெரிய கண்காட்சி மண்டபம் திறக்கப்பட்டது. அங்கே முதலில் நடந்தது மோட்டார் கார் கண்காட்சி. அந்த மண்டபத்துக்கு வெளிச்சம் கொடுக்கும் வேலையும் பி.எச்.சிடமே வந்தது. மூன்று குடை விளக்கு அங்கே தொங்கியது. அதற்குப் பிறகு மேசை விளக்கு, சுவர் விளக்கு, தரையில் நிற்கும் விளக்கு என்று அதே முறையில் பலவும் வந்தன. வீடுகள், பள்ளிகள், அலுவலகங்கள் எனப் பரவின.

வீட்டுக் கூடத்துக்கு அவர் சொன்ன யோசனைகள் மிகவும் எளிமையானவை. கூரையின் நடுவில் ஒரே ஒரு பெரிய விளக்கைப் போட்டு, மூலை முடுக்கெல்லாம் ஒரே மாதிரி வெளிச்சமாக்க வேண்டாம். மனிதர்கள் எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார்களோ, அங்கே வெளிச்சம் வேண்டும். சாப்பாட்டு மேசையின் மேல் விளக்கு தாழ்வாகத் தொங்கட்டும். படிக்கும் நாற்காலி அருகில் தனி விளக்கு இருக்கட்டும்.

நிழலைக் கண்டும் அவர் பயப்படவில்லை. கொஞ்சம் நிழல் இருந்தால்தான் ஒரு பொருள் உருண்டையா, தட்டையா என்று தெரியும். எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் விழுந்தால் பந்து கூட வட்டத் தட்டு போலத்தான் தோன்றும். ஆனால் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கக் கூடாது. மெதுவாகக் கரைய வேண்டும் என்பது அவர் எண்ணம். இரவு வெளிச்சம் பகல் போல வெண்மையாக இருக்கவும் வேண்டாம். அந்தி நேரம் போல இதமான நிறத்தில் இருந்தால் மனம் ஓய்வு கொள்ளும் என்று கருதினார்.

இருட்டில் ஒரு பூங்கா

பி.எச். விளக்கு மட்டும் செய்தவர் அல்ல. பத்திரிகை நடத்தினார், பாட்டு எழுதினார், திரைப்படம் எடுத்தார். மனதில் பட்டதை யாருக்கும் அஞ்சாமல் எழுதுவார். அதனால் அவருக்கு எதிரிகளும் இருந்தார்கள்.

1940ம் ஆண்டு, ஏப்ரல் 9ம் தேதி, ஹிட்லரின் ஜெர்மன் படை டென்மார்க்கைப் பிடித்துக்கொண்டது. வாய் திறந்து எதிர்ப்பது ஆபத்து. பி.எச். என்ன செய்தார் தெரியுமா? மேல் பார்வைக்குக் காதல் பாட்டு போலத் தோன்றும் ஒரு பாட்டு எழுதினார். கேட்ட மக்களுக்கு அதன் உட்பொருள் விடுதலை என்பது புரிந்துவிட்டது!

போர்க்காலத்தில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. விமானங்களுக்கு நகரம் தெரியக் கூடாது என்பதால், இரவில் வெளியே எந்த வெளிச்சமும் தெரியக் கூடாது. கோபன்ஹேகனின் நடுவில் டிவோலி என்ற புகழ் பெற்ற பூங்கா இருக்கிறது. 1843ல் தொடங்கியது. ராட்டினங்களும் பூக்களும் பாட்டுக் கச்சேரியும் நிறைந்த இடம். விளக்கு இல்லாவிட்டால், இருட்டியதும் பூங்காவை மூட வேண்டியதுதான். துன்பக் காலத்தில் மக்களுக்கு இருந்த கொஞ்சம் மகிழ்ச்சியும் போய்விடும்.

1941ல் டிவோலியின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பொறுப்பேற்ற பி.எச்., அதற்கு ஒரு விளக்கு வடிவமைத்தார். அதன் வெளிச்சம் கீழே நடப்பவர்களின் காலடியில் விழும். மேலே ஒரு துளியும் போகாது. வானத்தில் இருந்து பார்த்தால் இருட்டுத்தான் தெரியும். ஆகவே, நாடே இருண்டு கிடந்தபோதும், டிவோலி நள்ளிரவு வரை திறந்திருக்க முடிந்தது. சாப்பாட்டு மேசையில் கண் கூசாமல் இருக்கக் கற்ற அதே பாடம், இங்கே ஒரு பூங்காவையே காப்பாற்றியது!

1943ம் ஆண்டு நிலைமை மோசமானது. டென்மார்க்கில் இருந்த யூதர்களைப் பிடித்துச் செல்ல நாஜிகள் திட்டமிட்டார்கள். டேனிஷ் மக்கள் ஒன்று சேர்ந்து, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படகுகளில் ஏற்றி, ஓரெசுண்ட் நீரிணையைக் கடந்து ஸ்வீடன் நாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். பி.எச்.சும் அந்த ஆண்டு தப்பிப் போக வேண்டியதாயிற்று. யூதக் குடும்பத்தில் பிறந்த கட்டடக் கலைஞர் ஆர்னே யாகொப்சனும் அவரும் ஒரே சிறு படகில், துடுப்பு வலித்துக் கடலைக் கடந்தார்கள். போர் முடிந்த பிறகுதான் பி.எச். ஊர் திரும்பினார்.

எந்த பல்புக்கும் ஒரு விளக்கு

பி.எச்.சுக்கு நீண்ட காலமாக ஒரு தலைவலி இருந்தது. அவர் ஒரு பல்பை அளந்து, கணக்குப் போட்டு, குடை செய்வார். பல்பு செய்பவர்களோ கொஞ்ச நாளில் பல்பின் வடிவத்தையும் அளவையும் மாற்றிவிடுவார்கள். உடனே கணக்கு தவறிப் போகும்; எங்காவது ஒரு பக்கம் பல்பு எட்டிப் பார்த்துக் கண்ணைக் குத்தும். அவர் புகார் சொல்லிப் பார்த்தார், பலன் இல்லை.

கோபித்துக்கொண்டு என்ன பயன்? அறுபது வயதைத் தாண்டிய அவர், மறுபடியும் பென்சிலை எடுத்தார். எந்த வகை பல்பு போட்டாலும் கண் கூசாத ஒரு விளக்கைச் செய்வது என்று முடிவெடுத்தார். 1958ம் ஆண்டு அது வெளிவந்தது. அகலம் 50 சென்டிமீட்டர். அதனால் பி.எச். 5 என்று பெயர்.

அதில் இன்னொரு புதுமையும் உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. உள்பக்கம் சில இடங்களில் சிவப்பும் நீலமும் பூசியிருப்பார். நம் கண்ணுக்கு மஞ்சள், பச்சை நிற ஒளி எளிதில் தெரியும். சிவப்பும் நீலமும் அவ்வளவு எளிதாகத் தெரியாது. அந்தக் குறையைச் சரிக்கட்டி, வெளிச்சத்தை இன்னும் இதமாக்கத்தான் அந்த வண்ணங்கள்.

அதே ஆண்டு, கோபன்ஹேகன் துறைமுகப் பக்கம் இருந்த லாங்கலீனி உணவகத்துக்காக அவர் இன்னொரு பெரிய விளக்கைச் செய்தார். பன்னிரண்டு வரிசைகளில் 72 உலோக இதழ்கள்! விரியாத தாமரை மொட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல இருக்கும். ஆர்ட்டிசோக் என்ற காயின் பெயர் அதற்கு வந்தது. அதைச் சுற்றி எங்கே நின்று பார்த்தாலும் உள்ளே இருக்கும் பல்பு தெரியாது.

1967ம் ஆண்டு, ஜனவரி 31ம் தேதி, பி.எச். தன் 72வது வயதில் காலமானார். அவர் வடிவமைத்த விளக்குகள் நூறுக்கும் மேல்.

அவர் கணக்குப் போட்ட அந்தக் குண்டு பல்புகளை, மின்சாரத்தைச் சேமிப்பதற்காக, 2009 முதல் 2012க்குள் ஐரோப்பிய நாடுகள் படிப்படியாக விலக்கிவிட்டன. ஆனால் பி.எச். 5 விளக்கு போகவில்லை. எந்த பல்புக்கும் பொருந்தும்படி அவர் செய்திருந்தார் அல்லவா? இன்று அதற்குள் எல்.இ.டி. பல்பு எரிகிறது. டென்மார்க்கில் ஏராளமான வீடுகளில், சாப்பாட்டு மேசைக்கு மேல் அது தொங்குகிறது.

உங்கள் வீட்டுக் கூடத்தில்...

விலை உயர்ந்த விளக்கு வாங்கினால்தான் இதெல்லாம் முடியும் என்று நினைக்காதீர்கள். பி.எச். சொன்னபடி, தேவை பணம் அல்ல, சிந்தனை. இன்று இரவே இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள்.

* கூடத்தில் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். விளக்கு நேராகக் கண்ணில் படுகிறதா? எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள். பிறகு, உள்ளங்கையை நெற்றியில் வைத்து விளக்கை மறைத்துக்கொண்டு மறுபடியும் பாருங்கள். முகம் இன்னும் தெளிவாகத் தெரிந்தால், உங்கள் கைதான் பி.எச். செய்த குடை!

* நோட்டில் எழுதும்போது கையின் நிழல் எழுத்தின் மேல் விழுகிறதா? வலது கையால் எழுதுபவர்களுக்கு இடப் பக்கமும், இடது கையால் எழுதுபவர்களுக்கு வலப் பக்கமும் விளக்கு இருக்க வேண்டும். விளக்கை நகர்த்த முடியாவிட்டால், நீங்கள் திரும்பி உட்காரலாமே!

* தொலைக்காட்சித் திரையில் விளக்கின் பிம்பம் தெரிகிறதா? கரும்பலகையில் வெயில் பட்டால் எழுத்து தெரியாதது போலத்தான் இதுவும். விளக்கையோ, திரையின் கோணத்தையோ கொஞ்சம் மாற்றினால் சரியாகிவிடும்.

* எரியும் பல்பின் மேல் காகிதமோ துணியோ சுற்றக் கூடாது, தீப்பிடிக்கும். பல்பை மாற்றுவது, இடம் மாற்றி மாட்டுவது எல்லாம் பெரியவர்கள் வேலை. யோசனை சொல்வது மட்டும் உங்கள் வேலை.

பல்பைக் கண்டுபிடித்தவர்கள் இருட்டை விரட்டினார்கள். அந்த வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் இதமாகப் பார்க்க வழி செய்தவர் பி.எச். பட்டம் வாங்காத அந்த மனிதர், எல்லாரும் தினமும் பார்த்தும் கவனிக்காத ஒரு சின்னக் குறையைக் கவனித்தார். அது தீரும் வரை விடவில்லை. உங்கள் வீட்டிலும், பள்ளியிலும், தெருவிலும் அப்படிப்பட்ட குறைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது இந்த வாரம் கவனித்துப் பாருங்கள், குழந்தைகளே!